பதில் வராத குரல்

காதக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடியில் யாருக்கும் நினைவில்லை. யார் வைத்திருந்தாலும் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஒலிப்பதிவில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டால் போதும், அது ஃபிரிட்ஜ் கதவா பீரோ கதவா என்று சொல்லிவிடுவாள். ஒரு தாய் சிரித்துக்கொண்டே பேசுகிறாளா, பக்கத்தில் ஆள் இருப்பதால் சிரிப்பது போலப் பேசுகிறாளா என்றுகூடச் சொல்லிவிடுவாள். இதற்கு முன்னால் பதினாறு வருடம் பேருந்து நிலையத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவள். பாதியை விழுங்கிவிட்டுப் பேசுகிறவர்களிடமிருந்து முழு ஊர்ப்பெயரைக் கறந்து பழகிய காது அது.

அந்த மாடிக்குள் நுழைகிற அளவுக்கு அவளிடம் படிப்பு கிடையாது. நேர்முகத்தில் அதை அவளே ஒப்புக்கொண்டபோது பேராசிரியை, "பட்டம் இருக்கறவங்க நெறைய பேர் வராங்க. காது இருக்கறவங்கதான் கெடைக்கல, நீங்க வாங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒன்பது வருடமாகக் காதக்கா அவருக்கு நன்றியோடு இருக்கிறாள். வாயால் சொன்னதில்லை, ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை.

குழந்தைகள் தாய்மொழியை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அந்த மாடியின் வேலை. உலகத்தில் எல்லாக் குழந்தையும் சிரமமில்லாமல் செய்துமுடிக்கிற காரியம், ஆனால் அதை விளக்கச் சொன்னால் பெரிய பெரிய படிப்பாளிகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கிறார்கள். பேராசிரியையின் கட்சி, குழந்தையின் முகத்தைப் பார்த்து, அதனிடமே பேசுகிற பேச்சுதான் அதற்கு மொழியாகிறது என்பது. காற்றோடு போகிற பேச்சு கணக்கில்லை. அவரிடம் ஆராய்ச்சி செய்கிற மாணவன் ஒருவன் இருந்தான். மொழி குழந்தையோடு கூடவே பிறக்கிறது, வெளியிலிருந்து நாலு துளி பட்டால் தானாக முளைத்துவிடும் என்பது அவன் கட்சி. அதனால் அவனுக்குப் பிறவி என்று பெயர். தேநீர் வேளையில் இருவரும் தினமும் மோதிக்கொள்வார்கள். உங்கள் கருத்து என்ன என்று யாராவது காதக்காவைக் கேட்டால், "எனக்குக் கேக்கறதுக்குத்தான் சம்பளம், சொல்றதுக்கு இல்ல" என்று பிஸ்கட்டை எடுத்துக்கொள்வாள்.

அவள் வேலை இதுதான். ஒரு வீட்டுக் குழந்தைக்கு ஒரு சின்ன மேல்சட்டை போட்டுவிடுவார்கள். நெஞ்சில் ஒரு பை, பைக்குள் தீப்பெட்டி அளவில் ஒலிப்பதிவுக் கருவி. காலையிலிருந்து குழந்தை தூங்கப் போகும்வரை வீட்டில் எழுகிற சத்தமெல்லாம் அதில் விழும். அந்த ஒரு நாள் முழுவதும் காதக்காவின் திரையில் ஒரு நீளமான நாடாவாக ஓடும். அவள் கேட்டுக் கேட்டு அதற்கு வண்ணம் பூச வேண்டும். அம்மாவுக்குச் சிவப்பு, அப்பாவுக்கு நீலம், மற்றப் பெரியவர்களுக்குப் பச்சை, குழந்தைக்கு மஞ்சள். ரேடியோவும் டிவியும் சாம்பல். சாம்பல் பூசிய குரலை மட்டும் இயந்திரம் அதற்குப் பிறகு அமுக்கிவிடும், கணக்கிலும் சேர்க்காது. எது சாம்பல் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான விதி உண்டு. ஒரே சீரான குரலாக இருந்து, அதற்கு யாரும் பதில் பேசவில்லை என்றால், அது ரேடியோ. அந்த விதியைத் தன் கையால் எழுதித் திரைக்கு மேலே ஒட்டியவள் காதக்காதான்.

எல்லாம் முடிந்ததும் அந்த வீட்டுக்கு ஒரு தாள் போகும். உங்கள் குழந்தையிடம் ஒரு நாளில் யார் எத்தனை சொற்கள் பேசினீர்கள் என்று வண்ணப் படம் போட்டு, கீழே நன்றி தெரிவித்து அனுப்புவார்கள். பேராசிரியை நல்லெண்ணத்தில் தொடங்கிய ஏற்பாடு. நல்லெண்ணத்தில் செய்கிற காரியங்களை யாரும் முன்கூட்டிச் சோதித்துப் பார்ப்பதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒருவன் வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். தொண்டை கட்டியிருந்தது. வாசலிலேயே நின்று, "இந்தக் கணக்கு போட்டது யாருங்க?" என்று கேட்டான்.

"நான்தான் தம்பி. உள்ள வந்து உக்காருங்க."

அவன் தாளை விரித்து மேசைமேல் வைத்தான். அம்மா நாலாயிரத்து இருநூறு. சித்தி மூவாயிரத்துச் சொச்சம். அப்பா அறுபத்தொன்று.

"சண்டை போட வரலீங்க. இது சரின்னா சரின்னு சொல்லிடுங்க, போயிடறேன். வெள்ளிக்கிழமை வேலைய விடறதா இருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டுக்கலாம்னு வந்தேன்."

அவன் கோபப்பட்டிருந்தால் காதக்கா சமாளித்திருப்பாள். டிக்கெட் கவுன்ட்டரில் அவள் பார்க்காத கோபமா. இவனோ பரிசோதனை முடிவை வாங்க வந்த நோயாளி மாதிரி முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மெல்ல மெல்லத்தான் விஷயம் வந்தது. ஒரு கிடங்கில் வேறு வேலை பார்த்து வைத்திருக்கிறான். பாதிச் சம்பளம், ஆனால் நாலு மணிக்கு விட்டுவிடுவார்கள். மனைவிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. வீடு இரண்டு வாரமாக இரண்டுபட்டுக் கிடக்கிறது.

"அந்த அறுபத்தொண்ணும் என்னவா இருக்கும்னு நானே யோசிச்சுப் பாத்தேங்க. வா, சாப்பிடு, அதத் தொடாத, தூங்கு. இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிருப்பேன். நாய்க்குட்டி வளக்கறவன்கூட இன்னும் நாலு வார்த்த ஜாஸ்தியா பேசுவான்."

"குழந்தைக்குப் பேச்சு வருதில்ல?"

"நல்லா வருது. அவங்க அம்மாகிட்ட, சித்திகிட்ட. எங்கிட்ட வந்தா சும்மா நிக்கும்."

காதக்கா அந்த வீட்டின் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். "காலைல எட்டு மணிக்குப் போனா ஆறு மணிக்கு வரீங்க. பத்து மணி நேரம் வெளிய இருக்கறவரு என்ன பண்ண முடியும், சொல்லுங்க."

"வெளிய எங்கங்க போறேன். உள்ரூமுக்குத்தான் போறேன்." படிவத்தில் 'அப்பா வேலைக்குப் போகும் நேரம்' என்று ஒரு கட்டம் இருந்தது, மனைவி அதை நிரப்பியிருக்கிறாள். வீட்டிலேயே வேலை பார்க்கிறவர்களுக்குக் கட்டம் இல்லை. "லிஃப்ட் கம்பெனிக்குப் போன் எடுக்கற வேலைங்க. யாராச்சும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு மஞ்சப் பட்டன அமுக்கினா எனக்கு வரும். மெக்கானிக் போய்ச் சேர்ற வரைக்கும் அவங்களப் பேச்சுலயே வச்சிருக்கணும். பயத்துல கதவ உடைக்கப் போயிடுவாங்க, மூச்சு முட்டுதும்பாங்க. ரூம்ல காத்து வராது, அதனால கதவ மூடறதில்ல, ஒரு துணி தொங்குது, அவ்வளவுதான்."

காதக்கா உடனே அந்த வீட்டின் பதிவைத் திறந்து, அவன் தலையில் ஒரு ஹெட்போனை மாட்டி, தானும் ஒன்றை மாட்டிக்கொண்டாள். நாடாவின் பாதிக்குமேல் சாம்பல். அமுக்கி வைத்திருந்த சத்தத்தைத் திறந்துவிட்டாள்.

"பதறாதீங்க. கதவ இழுக்காதீங்க. மூச்ச மெதுவா உள்ள இழுங்க." சற்று அமைதி. "இப்ப மெதுவா விடுங்க. நான் லைன்லயேதான் இருக்கேன்."

இந்தக் குரல் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஏதோ உடல்நல நிகழ்ச்சி, மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிறார்கள், எந்த ஸ்டேஷன் என்று அந்த வீட்டாரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூட அப்போது நினைத்திருக்கிறாள். நல்ல குரல் என்று மனதுக்குள் பாராட்டிவிட்டு ஒரே இழுப்பில் சாம்பலைப் பூசிவிட்டாள். பதில் பேசுகிறவர்கள் எல்லாரும் அவன் ஹெட்போனுக்குள்ளேயே இருந்தார்கள் என்பது எப்படித் தெரியும்.

அவன் ஹெட்போனைக் கழற்றினான். "இது நான்தாங்க."

"ஆமா தம்பி. உங்கள நான் ரேடியோன்னு போட்டுட்டேன்." சொல்லும்போதே காதக்காவுக்குக் காது மடல் சுட்டது. "என் தப்பு. உங்களுக்கு முன்னாலயே மாத்திடறேன்."

ஒவ்வொரு துண்டாகச் சாம்பலை அழித்து நீலம் பூசினாள். நாடா ஆகாயம் போல நீலமாக விரிந்தது. அவன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். கூட்டல் பொத்தானை அழுத்தினாள். அப்பா பேசிய மொத்தச் சொற்கள், பதினோராயிரத்து எழுநூறு. அதற்குக் கீழே இன்னொரு வரி. குழந்தையிடம் பேசியவை, அறுபத்தொன்று.

இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. அத்தனை பேச்சும் யாரோ முகம் தெரியாதவர்களிடம் பேசியது. அந்த மாடியின் சட்டப்படி அது குழந்தைக்குச் சேராது.

"அப்ப மாட்டிக்கிட்டவங்களுக்கெல்லாம் பதினோராயிரம்" என்றான் அவன். "எம் பொண்ணுக்கு அறுபத்தொண்ணு." தாளை மறுபடி நாலாக மடித்தான். "இவ்வளவு நேரம் ஒக்காந்து சரி பாத்தீங்களே, ரொம்ப நன்றிக்கா. இனிமே எனக்குக் கொழப்பம் இல்ல."

மனமாரத்தான் சொன்னான். அதுதான் காதக்காவால் தாங்க முடியவில்லை.

"லெட்டர இப்பவே குடுத்துடாதீங்க தம்பி. வியாழக்கிழம ஒரு தடவ வாங்க."

"எதுக்குங்க?"

எதுக்கு என்று அவளுக்கே தெரியாது. "வாங்க, சொல்றேன்" என்று அனுப்பிவைத்தாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். ஏதாவது கிடைக்காதா என்பதுதான் எண்ணம். நடுவில் ஒரு கொஞ்சல், போகிற போக்கில் கூப்பிட்ட ஒரு கூப்பிடல், இப்படி நாலு சேர்ந்தால் அறுபத்தொன்றை நூறாக்கிக் காட்டலாம். நேர்மையாகத்தான் தேடினாள், ஆனால் ஆசையோடு தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. வேலை நேரத்தில் அவன் வேலையைத் தவிர வேறெதுவும் பேசுகிற ஆளில்லை.

பத்து மணி சுமாருக்கு ஒரு அழைப்பு வந்தது. துணிக்கு அந்தப் பக்கம் அவன் குரல். "உள்ள எத்தன பேர் இருக்கீங்க?" வழக்கம் போல அமைதி.

அந்த அமைதிக்குள், மைக்குக்கு வெகு அருகில், குழந்தையின் குரல். "நெண்டு."

"சரி. லைட்டு எரியுதா?"

"எய்யுது."

"தண்ணி ஏதாவது கையில இருக்கா?"

"இக்கு."

காதக்கா பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். தற்செயலாக இருக்கும் என்று அடுத்த அழைப்புக்குப் போனாள். மணி ஒலித்ததுமே எங்கிருந்தோ சின்னக் கால்கள் தடதடவென்று ஓடிவருகிற சத்தம், தரையில் தொப்பென்று உட்காருகிற சத்தம். அவன் கேட்கிறான், நிறுத்துகிறான், குழந்தை பதில் சொல்கிறது. அடுத்த கேள்வி. சில இடத்தில் வார்த்தை வரவில்லை, வெறும் "ஆங்" என்று முடித்துக்கொள்கிறது. ஆனால் இடம் தவறவே இல்லை. அவன் பேசும்போது ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் இருட்டுப் பெட்டிக்குள் நிற்கிறவருக்காக அவன் ஒதுக்கிவைத்த அந்த நாலைந்து நொடியை, துணிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவன் மகள் தனக்கென்று எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் ஹெட்போனால் இரண்டு காதையும் மூடியிருந்தான். அம்மா வேலைக்குப் போயிருந்தாள், சித்தி அடுக்களையில் இருந்தாள். அந்த வீட்டில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. காதக்காவும் கேட்டதில்லை. சாம்பலைப் பூசி அப்பனின் குரலை அமுக்கிய பிறகு குழந்தையின் குரலை மட்டும் கேட்டு, 'தனியாக விளையாடுகிறது' என்று எழுதிவிட்டு நகர்ந்திருந்தாள்.

மாலைக்குள் எண்ணி முடித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு இடைவெளி. அதில் நூற்று எழுபத்து மூன்றில் குழந்தை பதில் சொல்லியிருந்தது. காதக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒன்பது வருடம் கேட்ட வீடுகளிலேயே இதுதான் மிக நன்றாகப் பேசிக்கொள்கிற வீடு என்று அவளுக்குத் தோன்றியது. இதைக் கேட்கக் கொடுத்துவைத்ததற்காக அவள் மனது நிறைந்து போயிருந்தது. அந்தத் தம்பி கோபித்துக்கொண்டு தாளைக் கிழித்துப் போட்டிருந்தால் இந்தச் சத்தம் இந்த உலகத்தில் யார் காதிலும் விழுந்திருக்காது.

அதே கண்ணோடு பேராசிரியை அறைக்குப் போனாள். ரேடியோ விதி தப்பு, எழுதி ஒட்டியது நான், இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை மனிதர்களைச் சாம்பலாக்கியிருக்கிறேனோ தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னாள். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு இருபது நிமிடம் கேட்டார். பிறவியும் பின்னால் வந்து நின்றுகொண்டான்.

"அக்கா, இது என் கட்டுரையக் கவுத்துடும்" என்றார் பேராசிரியை கடைசியில்.

"தெரியும் மேடம்."

"நீங்க சொல்லாம இருந்தா கவுந்திருக்காது. தப்பாவே நிமிந்து நின்னுருக்கும். அந்தத் தாள அனுப்பச் சொன்னதும் நான்தான், கட்டம் இல்லாத படிவத்த அடிச்சதும் நான்தான். ரொம்ப நன்றிக்கா." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "எல்லா வீட்டுச் சாம்பலையும் முதல்லேருந்து கேப்போம். ஆறு மாசம் ஆனாலும் பரவால்ல."

பிறவிக்குப் பொறுக்கவில்லை. "நான்தான் சொன்னேனே மேடம். யாரும் ஒக்காந்து சொல்லித்தரல, தானா முளைச்சிருக்கு."

"அந்த வீட்டுல நெஜ டிவி ரெண்டு மணி நேரம் ஓடுதுடா. அதுக்கு ஒரு தடவையாவது பதில் சொல்லிச்சா? அப்பா கொரலுக்கு மட்டும் எழுந்து ஓடுது."

"ரெண்டு பேரும் டீயக் குடிங்க, ஆறிடும்" என்றாள் காதக்கா.

வியாழக்கிழமை அவன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தான். சித்திக்குப் பல்வலி, மருத்துவரிடம் போயிருக்கிறாள். குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டு, "சொல்லுங்கக்கா, எண்ணிக்கை ஏதாவது மாறிச்சா?" என்று கேட்டான்.

"அது மாறல தம்பி. இதக் கேளுங்க" என்று ஹெட்போனைக் கொடுத்தாள்.

மாட்டிக்கொண்டான். முதல் கேள்வியின்போது தன் குரலைக் கேட்கிறவர்கள் எல்லாருக்கும் வருகிற கூச்சம் முகத்தில் வந்தது. அப்புறம் அமைதி வந்தது. அந்த அமைதிக்குள் என்ன கேட்டது என்று காதக்காவுக்குத் தெரியும். அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அடுத்த கேள்வி, அடுத்த பதில். ஐந்தாவதோ ஆறாவதோ பதிலில் அவன் கைகள் இரண்டும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டன. தோள் குலுங்கியது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் மூச்சை மெதுவாக விடச் சொல்லித்தருகிறவன், தன் மூச்சை விடத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தான்.

குழந்தை அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா தலையில் ஹெட்போன் இருந்தால் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியும். கேள்வி வரும், பதில் சொல்ல வேண்டும். இன்றைக்குக் கேள்வி வரவில்லை. அது இரண்டடி நடந்துபோய் அவன் முழங்காலில் கையை வைத்தது.

"பயமா இக்கா?" என்று கேட்டது.

கேட்டுவிட்டு நிறுத்தியது. எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. நாலைந்து நொடி, அவன் மற்றவர்களுக்கு விடுகிற அதே அளவு.

அவன் ஹெட்போனைக் கழற்றினான். "இல்லம்மா" என்றான். "இருந்துச்சு. இப்ப இல்ல."

வெள்ளிக்கிழமை மதியம் அவனிடமிருந்து போன் வந்தது. கம்பெனிக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன் அக்கா என்றான். காதக்காவுக்குத் திக்கென்றது. அவனே அதைப் படித்துக் காட்டினான், அந்த ரேடியோக் குரலில், நிதானமாக. இப்போது தந்திருக்கும் ஹெட்போன் இரண்டு காதையும் அடைக்கிறது, ஒரு காதை மட்டும் மூடுகிற மாதிரி வேறொன்று தந்து உதவ வேண்டும் என்று கேட்டிருந்தான். காரணம் என்ற இடத்தில், வீட்டில் எனக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறது என்று எழுதியிருந்தான்.